ரீடிங்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரை
வீட்டுக்கு வீடு கரண்டுக் கணக்கு எடுப்பது என் வேலை.
அடுத்தவர் எண்களைப் படித்தே
பதினொரு வருடம் போயிற்று.
தை மாதம் சித்தூர் ஆஸ்பத்திரியில்
என் விரலைக் குத்தி ஒரு பெண் படித்தாள்:
இருநூற்று எண்பத்து நான்கு.
யூனிட்டா என்று கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.

பங்குனியில் இரண்டு மழை.
எல்லைக்கு அந்தப்புறம் ஒன்று, இந்தப்புறம் ஒன்று.
நான்காம் நாள் மீட்டர் பெட்டிகளின் கீழே
தொய்யக்கீரை.
இத்தனை வருடமும் அதன்மேல் நின்றுதான்
கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் பையில் இரண்டு அறை.
ஒன்றில் பில் மெஷின்,
ஒன்றில் ஈரத்துணி.

கிள்ளுவதற்கும் ரூட் இருக்கிறது.
நெல்வயல் வரப்பு கூடாது, களைக்கொல்லி அடித்திருப்பார்கள்;
கோரைப்புல் நுனி மஞ்சளித்துக் கிடந்தால் அதுவே நோட்டீஸ்.
செக்போஸ்ட் ஓரம் கூடவே கூடாது,
லாரிகள் புகைவிடுகிற இடம்,
டிரைவர்கள் இறங்கி ஒதுங்குகிற இடமும் அதுதான்.
கடலைக்காட்டு மேட்டில் கிள்ளலாம்.
பூட்டிக் கிடக்கும் வளைகுடா வீடுகளின் வாசலில் கிள்ளலாம்.
மினிமம் சார்ஜ் மட்டும் கட்டிவிட்டுப் போனவர்கள்,
கேட்டுக்கு அடியில் நுழைந்து
மூக்கிரட்டை போர்ட்டிகோ வரை வந்திருக்கிறது.
ஷிஜுவுக்கு அது தழுதாம.
"மூக்கும் காணோம், இரட்டையும் காணோம்,
இதென்ன பேர் சேச்சி?" என்கிறான்.
கிள்ளித் தருகிறான், தின்னமாட்டான்.

ராத்திரி
பாசிப்பயறு, தோலோடு.
சின்ன வெங்காயம் ஏழு. சீரகம். ஒரு பச்சைமிளகாய்.
பயறு மலர்ந்த பிறகு கீரை,
மூடிபோடாமல்; மூடினால் பச்சை செத்துவிடும்.
மத்தை உருட்டும்போது
சட்டியிலிருந்து மண்வாசம் அல்ல,
நனைந்த கருங்கல்லின் வாசம் வரும்.
பக்கத்தில் சாமைச் சோறு.
முதல் வாரம் அது கோழித்தீவனமாக இருந்தது,
மூன்றாவது வாரம் சோறாயிற்று,
எப்போது மாறியது என்று குறித்துவைக்கவில்லை.
மாத்திரையை நிறுத்தவில்லை. காலை ஒன்று, இரவு ஒன்று.
கீரை அதற்குப் பக்கத்து வீடு, அவ்வளவுதான்.

சித்திரைக் கடைசியில் நூற்று நாற்பத்தெட்டு.
அன்றிலிருந்து நான் ஊருக்குத் தொல்லை.
பில்லோடு ஒரு கைப்பிடி கீரை,
கீரையோடு ஒரு பிரசங்கம்.
வாங்கி மாட்டுக்குப் போட்டவர்கள் உண்டு.
தனபாக்கியம் அக்கா மட்டும்
"இதுக்கும் சர்சார்ஜ் உண்டா?" என்றாள்.

மெகருன்னிசா பேசாமல் வாங்கிக்கொண்டாள்.
மறுநாள் சாயங்காலம் வழியில் நிறுத்தி
உள்ளே கூட்டிப்போனாள்.
கட்டிலில் காஜா அண்ணன்.
செவ்வாயும் வெள்ளியும் பாலக்காட்டில் டயாலிசிஸ்.
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில்
கூடாதவை என்று ஒரு வரிசை.
இளநீர் இரண்டாவது, வாழைப்பழம் மூன்றாவது.
முதல் வரியில் இருந்தது
நான் தெருவெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்த மருந்து.

என்ன சொல்வது?
பையின் ஈர அறையை
முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டேன்.

"அவருக்கு ஆசை" என்றாள்.
"நர்ஸ்கிட்டக் கேட்டாச்சு, டாக்டர்கிட்டயும் கேட்டாச்சு.
ரெண்டு தரம் வேகவெச்சு, ரெண்டு தரம் வடிச்சு,
வாரத்துக்கு ஒரு ஸ்பூன்."

பெரிய பாத்திரம், நிறையத் தண்ணீர்.
முதல் வடிப்பு கரும்பச்சை.
நான் சத்து சத்து என்று சொன்னதெல்லாம்
அதில் ஆவிபறக்கப் போனது.
இரண்டாவது வடிப்பு சலித்துப்போன வேட்டியின் நிறம்.
ஆறவைத்து இரண்டையும்
கறிவேப்பிலைத் தூரில் ஊற்றினாள்.

மிச்சம் ஒரு ஸ்பூன் நார்.
உப்பு கிடையாது; இரண்டு சீரகம்,
தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு.

நாக்கில் வைத்துக்கொண்டு
அண்ணன் ரொம்ப நேரம் விழுங்கவில்லை.
ஜன்னல் மூடியிருந்தது.
"வெளியே மழை பேஞ்சுதா?" என்றார்.

"ரெண்டு தரம்" என்றேன்.